பஞ்சுக்கு அரை மாத்திரை

12.11, செவ்வாய். தூறல்.

குரூப் ஃபோர் குறிப்பு எழுதத்தான் இந்த நோட்டு வாங்கியது. ஒரு பூனைக்காகப் பக்கத்தை வீணாக்குகிறேன். மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. கேட்டுப் பழகிவிட்டது.

பஞ்சுக்குக் கழுத்தில் கட்டி. தொட்டால் கொதிக்கிறது. கட்டைப்பையில் துண்டு விரித்து அதை வைத்து, கீழப்பழுவூரில் பஸ் ஏறி அரியலூர் கால்நடை ஆஸ்பத்திரி. வழி முழுக்கக் கத்தல். கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்து, "பொம்பளப் பூனையா பாப்பா? அப்ப அதுக்கும் டிக்கெட் கெடையாது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வரிசையில் மாடுகள், ஆடுகள். ஒரு பெரியவர் "பூனைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். டாக்டர் அம்மா கழுத்து முடியைச் சிரைத்து, கட்டியைக் கீறி, கழுவி, ஊசி போட்டார். வேறு பூனையோடு சண்டை, பல் பட்டுச் சீழ் பிடித்திருக்கிறது, கடுவன் பூனைகளுக்கு இது சகஜம் என்றார். கடுவனாம். இத்தனை நாளும் பெண் என்று நினைத்திருந்தேன். நான் பி.எஸ்சி. விலங்கியல், பெரம்பலூரில் படித்தது. டாக்டரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மாத்திரை: கா. அரை, மா. அரை. அட்டை தீரும் வரை. நடுவில் விட்டால் மறுபடி சீழ் கட்டும், அப்புறம் ஆழமாக அறுக்க வேண்டும், தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். பசியோடு வைத்திருந்து மீனில் மறைத்துக் கொடுக்கவும்.

திரும்பும்போது வேறு கண்டக்டர். நல்லவேளை.

13.11, புதன். கொஞ்சம் வெயில்.

கொடுத்துப் பார்த்தவை:

தயிர்ச்சோறு - சோறு காலி. மாத்திரை மட்டும் கழுவித் துடைத்ததுபோல் தட்டில்.

பாலில் பொடித்து - முகர்ந்தது. மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைச் சுரண்டியது. போய்விட்டது.

நெத்திலிக் கருவாட்டின் வயிற்றில் - கடித்தது. கசப்பு பட்டு வாயோரம் நுரை. இனி நெத்திலியும் போச்சு.

துண்டில் சுற்றி, அம்மா பிடிக்க, நான் வாயைத் திறந்து - உள்ளே போனது. என் கையெல்லாம் கீறல்.

"தவளைய அறுத்துப் படிச்சவளுக்கு ஒரு பூனை வாயத் தெறக்கத் தெரியல" என்றார் அம்மா. பிடித்தவர் சரியாகப் பிடிக்கவில்லை.

அது கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யாரையோ கழுத்தை நெரிப்பதுபோல இருந்தது.

மா. வாசலில் நின்று "பஞ்சூ" என்றேன். எப்போதும் ஓட்டிலிருந்து குதித்து வரும். இன்று ஓட்டின் மேலிருந்தே பார்த்தது. நான் கூப்பிட்டால் அது வரும், அம்மா கூப்பிட்டால் வராது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்த செல்வாக்கு அது ஒன்றுதான். அதே குரலில் கூப்பிட்டு அதே கையால் கசப்பைக் கொடுத்தால் பிறகு எதற்கு வரும்.

படிப்பு: இந்திய அரசியலமைப்பு, ஒரு பக்கம் கூட இல்லை.

14.11, வியாழன். மழை. கரண்ட் இல்லை.

நேற்று மாலையும் இன்று காலையும் மாத்திரை போகவில்லை. ஜிலேபி மீன் பொரித்து வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வயிறு உப்பியிருந்தது. எங்கே தின்றது?

மழை விட்டதும் தெரிந்தது. துவைக்கிற கல்லில் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பூங்கோதை அத்தை வீட்டுப் பின்வாசல். டிபன் பாக்ஸ் மூடியில் மீன்குழம்புச் சோறு. அத்தை குந்தி உட்கார்ந்து முள் எடுத்துப் போடப் போட, பஞ்சு தின்கிறது. அங்கே அதன் பெயர் தொரை. அது கடுவன் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தை வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. எங்கள் குளியல் தண்ணீர் அவர்கள் சந்தில் ஓடியதில் ஆரம்பித்தது. அத்தை மகள் தேவி கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நாங்களும் போகவில்லை. தேவியும் நானும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்த மூடி தேவியுடையதுதான், ஓரத்தில் நசுங்கல் இருக்கிறது. கல்யாணத்தன்று நான் வாசல் விளக்கைக்கூடப் போடாமல் அவர்கள் வீட்டு சீரியல் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது தேவி திருப்பூரில். மாமா குவைத்தில். அத்தை தனியாக.

அத்தை அதன் சிரைத்த கழுத்தைத் தடவினார். தலையைத் தூக்காமல், ஆனால் எங்கள் சுவருக்குக் கேட்கும்படி பேசினார்.

"உசுரோட உரிக்கிறாளுவளாடா தொரை? முடியெல்லாம் செரச்சு, கத்தக் கத்த என்னடா பண்றாளுவ ஒன்ன? பட்டினி வேற. நீ இங்கயே கெட."

அம்மா அடுப்படியில் இருந்தார். அவருக்கும் கேட்டது. வெளியே வந்து, எங்கள் கோழியைப் பார்த்துச் சாடையாகப் பதில் சொன்னார். "ஏ கோழி, மேயப் போற எடத்துல ஒன்னயும் சொந்தம் கொண்டாடுவாளுவ. பாத்துப் போ."

கோழி மண்ணைக் கிளறிக்கொண்டே போனது. நான் கல்லிலிருந்து இறங்கிவிட்டேன்.

அத்தைக்கு அது மருந்து என்று தெரியாது. நாங்கள் பூனையை வதைப்பதாக நினைக்கிறார். அதனால்தான் கூடுதலாகப் போடுகிறார். ஒரே ஒரு வரி சொன்னால் போதும்.

15.11, வெள்ளி. மூட்டம்.

குழாயடி. எனக்கு முன்னால் அத்தையின் குடம். "அத்தை, பூனைக்கு மருந்து நடக்குது, சோறு வைக்காதீங்க." வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். அங்கே போய் நின்றதும் வாயில் வந்தது: "தண்ணி மெதுவா வருது." அதையும் குடத்தைப் பார்த்துச் சொன்னேன். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்லூரியிலும் இப்படித்தான். பதில் தெரியும். கை தூக்கியதில்லை.

மா. பஞ்சு சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்து மறுபடி வீங்கியிருக்கிறது. ஈரம். கிட்டே போனால் நாற்றம். நேற்றே பேசியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டதற்கு அதன் கழுத்து வீங்குகிறது.

டாக்டர் அம்மாவுக்குப் போன். நாளைக்குள் மாத்திரை ஒழுங்காகப் போக ஆரம்பித்தால் பார்க்கலாம், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு வா, அறுக்கத்தான் வேண்டும் என்றார்.

அப்பா லாரியிலிருந்து பேசினார். சுண்ணாம்புக்கல் லோடு இறக்க வரிசையில் நிற்கிறாராம். "பூனைதான, விடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "டாக்டரு என்ன சொன்னாங்க?"

16.11, சனி. மழை இல்லை.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போயாச்சு. போகும்போது, "அவ வாசல்ல போய் நிக்காத" என்றார். நிற்கவில்லை. சுவரோரம் நின்றேன்.

சுவர் மேல் பஞ்சு. அந்தப் பக்கம் அத்தை பாத்திரம் தேய்க்கும் சத்தம். பஞ்சைப் பார்த்துத்தான் பேசினேன். என் குரல் எனக்கே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"பஞ்சு, ஒன்ன நாங்க அடிக்கல. கழுத்துல சீழ். அரியலூர் டாக்டரு மாத்திரை குடுத்திருக்காங்க. பசியா இருந்தாத்தான் முழுங்குவ. ரெண்டு வூட்டுலயும் வயிறு ரொம்பத் தின்னா மருந்து எப்படி உள்ள போவும்?"

தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து:

"ஏன் தொரை, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

சரியான கேள்வி.

மத்தியானம் பஞ்சு அத்தை வீட்டுப் பின்கதவில் கத்தியது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அத்தை, "போயிரு சாமி, இன்னிக்கு ஒண்ணும் கெடையாது, போயிரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டுகிற குரல் இல்லை. தனியாகச் சாப்பிட்டிருப்பார். முள் எடுத்துப் போட ஆள் இல்லாமல். நான் கேட்டுத்தான் அந்தக் கதவைச் சாத்தினார்.

மா. பசியோடு வந்தது. மீனைத் தின்றது, மாத்திரையைத் துப்பியது. கசப்பை அது மறக்கவில்லை. துண்டில் சுற்றினேன். தனி ஆளால் ஆகாது. மோவாயில் ஒரு கீறல், கையில் புதிதாகச் சில. துப்பிய அரை கரைந்து துண்டில் ஒட்டிக்கொண்டது. அம்மா வேலை முடிந்து சந்தைக்கும் போய் வர இருட்டிவிடும். கழுத்து காலையை விடப் பெரிதாக இருக்கிறது.

பஞ்சு பிய்த்துக்கொண்டு சுவரேறி அந்தப் பக்கம் குதித்தது. "வந்துட்டியா. மருந்து தின்னியா தொரை?" என்று அத்தை கேட்பது காதில் விழுந்தது. கேள்வி எனக்குத்தான்.

துவைக்கிற கல்லில் ஏறினேன். கையில் துண்டு, புதிதாக உடைத்த அரை. பஞ்சு அத்தை மடியில், கண்ணை மூடி. அத்தை நிமிர்ந்தார். தேவிக்கும் அதே கண்.

அத்தை பிடித்தால் அது அடங்கும். ஆனால் நாளையிலிருந்து அத்தை கூப்பிட்டாலும் போகாது. அது தெரிந்துதான் கேட்டேன். இந்தத் தடவை பூனையைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அத்தை, என்னால தனியா முடியல. நீங்க கொஞ்சம் எங்க வூட்டுக்கு வந்து புடிச்சுக்கிறீங்களா?"