சனிக்கிழமை கொச்சி விமானம்

சாம்பியன் ரீப்ஸ்,
22-4-2025

மரியே வாழ்க

அன்புள்ள லவினா,

ஈஸ்டர் முடிந்து கிளம்பியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் சண்டைதான் வரும். வாட்ஸப்பில் எழுதவோ பயமாக இருக்கிறது, நாளைக்கு யார் கண்ணில் படுமோ. அதனால் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு தாமோதரன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை இங்கே அடுப்படியில் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாய். கண் திறந்துதான் இருந்தது. பால் உன் காலில் கொட்டியும் நீ அசையவில்லை. நான் கத்தியதும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னாக்கா, பால் எப்பிடி கொட்டிச்சி?" என்று என்னையே கேட்டாய். ஞாயிறு பூசையிலும் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீ மட்டும் நின்றிருந்தாய். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது நான்தான்.

தூக்கமில்லை என்கிறாய். உன்னை வளர்த்தவளிடமே கதை விடாதே. விமானம் ஓட்டும்போது இப்படி ஆனால் என்ன செய்வாய்? கம்பெனி டாக்டரிடம் போய்ச் சொல்.

அப்பா வைண்டிங் இன்ஜின் ஓட்டியது உனக்கு நினைவிருக்காது, நீ ரொம்பச் சின்னவள். தங்கச் சுரங்கத்துக்குள் கேஜ் கூண்டில் இறங்கி ஏறுகிற அத்தனை பேரையும் அந்த இன்ஜின்தான் இழுக்கும், அத்தனை உயிரும் அவர் கையில். அவர் சரியாக இல்லாத நாளில் அம்மா ஷாஃப்ட் வாசலுக்கே போய், "இன்னிக்கி இவரு வேணாங்க, வேற ஆளைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். நம் லைன் குடியிருப்பில் வைண்டிங் டிரைவர் வீடுகள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. போர்மேனும் ஏன் என்று கேட்கமாட்டார். அப்பா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

ஞாயிறு வரை பார்ப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா,
வின்னி

பெங்களூர்,
24-4-2025

அன்புள்ள அக்கா,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. அதோடு நீ கொடுத்தனுப்பிய ரோஸ் குக்கீஸ் டப்பாவும் கிடைத்தது. திட்டிக்கொண்டே ஊட்டுகிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை.

ஜூனில் எனக்கு கேப்டன் ஆர்டர் வரவேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் "நம்ம ஊரின் முதல் பெண் பைலட்" என்று என் மூஞ்சியைப் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், நீயும்தானே அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய்? பொம்பளை கையில் பிளேனா என்று டிரெயினிங்கில் சிரித்தவர்கள் எப்போது விழுவேன் என்று காத்திருக்கிறார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே என்னை இறக்கிவிடுவார்கள். அப்பாவுக்கு ஒரு ஷிப்ட்தான் போனது. எனக்கு எல்லாமே போகும். இரண்டையும் ஒன்றாகப் பேசாதே.

சனிக்கிழமை சாயங்காலம் கொச்சி விமானம். ஞாயிறு காலை திரும்பியதும் நானே போன் செய்கிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
லவினா

சாம்பியன் ரீப்ஸ்,
26-4-2025, சனி

மரியே வாழ்க

அன்புள்ள லவினா,

போன் செய்துவிட்டேன். இன்று காலை உன் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்தேன். போனை எடுத்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள், அவளிடமும் சொன்னேன். பிறகு ஒரு டாக்டரம்மா பேசினார். பார்த்ததை மட்டும் சொன்னேன். "சரிம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு வரை என்று கெடு வைத்தவள் நான்தான். சனிக்கிழமை ஏறப்போகிறேன் என்று நீயே எழுதிய பிறகு எப்படிச் சும்மா இருப்பேன்? பக்கத்தில் இன்னொரு பைலட் இருப்பார் என்பாய். விமானத்தை இறக்குகிற நேரத்தில் அவர் உன் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்? பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தியாவது உட்கார்ந்திருப்பாள். உனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தாமோதரன் அண்ணனுக்கு இன்று லீவு, அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். திட்டுவதற்காவது போன் செய்.

வின்னி

பெங்களூர்,
29-4-2025

வின்னி அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்த டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு அப்படி எழுதிக் கொடுத்தனுப்பிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கொச்சிக்கு வேறு ஒருவர் போனார். ஞாயிறு ஊருக்கு வந்து உன்னிடம் நேரில் சொல்ல இருந்தேன்.

சனிக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டு, "உங்க அக்கா ஒரு நாள் லேட்டு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ உளறிய அந்தப் பெண் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். லவினாவை அவள் அக்காவே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதுதான் இப்போது பேச்சு. நானாகப் போனேன் என்றால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். வேலை போனாலும் நானே சொன்னேன் என்பதாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

வருகிற வெள்ளிக்கிழமை மூளைக்கு ஸ்கேன். ஒரு வகை வலிப்பாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் இனி நான் ஓட்டவே முடியாது. நீ வராதே. யார் நம்பாவிட்டாலும் நீ என்னை நம்புவாய் என்று நினைத்திருந்தேன்.

லவினா

சாம்பியன் ரீப்ஸ்,
30-4-2025

என் லவினா,

நீயாகவே போய்ச் சொன்னாய் என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். பாதி சந்தோஷத்தில்தான். நான் உன்னை நம்பவில்லை, அது நிஜம். இல்லை என்று சொல்லி உன்னைச் சமாதானம் செய்ய எனக்கு வராது. அந்தச் சனிக்கிழமை திரும்ப வந்தாலும் போன் செய்வேன். கண்டவளிடம் உளறியது தப்பு, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

வராதே என்றால் வராமலிருக்க நான் என்ன விருந்தாளியா? வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டாம். பேசாமலே ஆஸ்பத்திரிக்குப் போவோம், பேசாமலே திரும்பி வருவோம்.

ஊருக்கு பைலட் லவினா வேண்டும். எனக்கு லவினா இருந்தால் போதும். நான் வரும்வரை கிளம்பாதே.

அக்கா