பேய்க்கு என் முகம்

ஆகஸ்ட் 1997, வியாழன்

எங்கள் கம்பெனி டிராயிங் செக்ஷன் கம்ப்யூட்டரில் சேகர் சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கி கேம் விளையாடுவான். போன வாரம் என் ஐடி கார்டு போட்டோவை ஸ்கேன் பண்ணி, கேமில் வரும் பேய்க்கு என் முகத்தை வைத்துவிட்டான். செக்ஷனில் நான் ஒருத்திதான் பெண். அந்தப் பேயைச் சுட்டுவிட்டு, அவனும் மற்றவர்களும் "சானமாவு யானை விழுந்துச்சுடா" என்று சிரித்தார்கள். என் ஊர் சானமாவு, யானைகள் வரும் காட்டோரம்.

"ஏன் சேகர் இப்படிப் பண்ணே?"

"தமாஷுக்குத்தானே செல்வி. இதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறே."

அவன் செய்த வித்தையை நானும் கற்றுக்கொண்டேன். இன்று எல்லாரும் டீக்குப் போனபோது கேம் ஃபைலைத் திறந்து, எத்தனை குண்டு பட்டாலும் அந்தப் பேய் சாகாதபடி மாற்றிவிட்டேன். முகத்தை எடுக்கவில்லை. தெரிந்தால் வேலை போகும். போகட்டும்.

நாளைக்குச் சுடுவான். நான் விழமாட்டேன். அவனைப் பார்த்து நடந்து வந்துகொண்டே இருப்பேன்.