தண்ணிக்குக் குறையே இல்லை

ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் எழுதவும் கை வரவில்லை. உன் கணவர் கண்ணில் படக்கூடாதென்று உன் தையல் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் வாங்கிய வீட்டில் முதல் மழைக்கே பின்னறைத் தரையிலிருந்து தண்ணீர் ஊறியது. இன்ஜினீயர் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, "இது பல வருஷத்து ஊறல்மா. விக்கறதுக்காக மேல மூடியிருக்காங்க" என்றார். அதன் பிறகுதான் வழக்குப் போட்டோம். உன் கணவர் மேல்தான், உன் மேல் இல்லை.

இன்று உங்கள் வக்கீலின் பதில் வந்தது. வீடு பார்க்க வந்த அன்று, "இந்த வீட்டுல தண்ணிக்குக் குறையே இல்லடி" என்று நீ சொன்னாயாம். அதனால் எல்லாம் தெரிந்தேதான் வாங்கினோமாம். படித்துவிட்டு என் வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் குழாய்த் தண்ணீரைப் பற்றியல்லவா கேட்டேன்? அந்தப் பின்னறையில்தான் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து மகளைப் படுக்க வைத்திருக்கிறேன். இருமி இருமி அவளுக்குத் தூக்கமே இல்லை. வக்கீலிடம் போய்ச் சொன்னது நீதானா?

உன்
ஒட்டடைக்குச்சி

ஜூன் 15

அன்புள்ள ஒட்டடைக்கு,

வக்கீலிடம் சொன்னது நான் இல்லை, அவர். அன்று பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாரே.

ஆனால் நான் குழாயைச் சொல்லவில்லை. "வாயத் தொறந்தே, அப்புறம் நடக்கறதே வேற" என்று சொல்லிவிட்டுத்தான் உங்களுக்குக் கதவைத் திறந்தார். பின்னறையில் நின்று, காலால் தரையை அழுத்திக்கொண்டே சொன்னேன். நாம் சேர்ந்து தையல் பழகிய இடத்தில் சூப்பர்வைசரின் வழுக்கையைப் பார்த்து, "இன்னைக்குப் பௌர்ணமி" என்று அவர் எதிரிலேயே சொல்வேன். நீ குனிந்து சிரிப்பாய். அதுபோல இதுவும் உனக்குப் புரியும் என்று நம்பினேன். நீயோ, "கொடுத்து வச்சவடி நீ" என்றாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

நீ புரிந்துகொண்டுதான் சிரித்தாய் என்று வரும் ஒன்றாம் தேதி நான் சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டுமாம். தினமும் ஒப்பிக்க வைக்கிறார்.

உன்
வாயாடி

ஜூன் 20

அன்புள்ள வாயாடிக்கு,

வீடு வாங்கும் முன் நான் உன் கடைக்கு வந்த நாளில் ஒரு வார்த்தை காதில் போட்டிருக்கக் கூடாதா? வழுக்கையும் வீடும் உனக்கு ஒன்றா?

நேற்று மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி அந்த அறையில் அவளைப் படுக்க வைக்கவே கூடாதென்கிறார் டாக்டர். இருந்ததையெல்லாம் இந்த வீட்டில் கொட்டிவிட்டோம். வழக்கில் தோற்றால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

உன் கடிதத்தைக் கோர்ட்டில் காட்டலாம் என்கிறார் என் கணவர். நீ என்னை நம்பி எழுதியது. அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், தர மாட்டேன். நீயே சொல். எனக்கு எழுதியதை அப்படியே கூண்டில் சொல். என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

ஒட்டடைக்குச்சி

ஜூன் 24

அன்புள்ள ஒட்டடைக்கு,

மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஒன்றாம் தேதி சொல்லிவிடுகிறேன். ஊறல் தெரிந்தே அவர் டைல்ஸ் போட்டது, என் வாயைக் கட்டியது, எல்லாவற்றையும். இன்று காலைகூட வக்கீல் கொடுத்த பாடத்தை அவரிடம் பிசகாமல் ஒப்பித்தேன். "பரவால்லயே" என்று மெச்சினார்.

சொன்ன பிறகு அவர் வாசலை மிதிக்க முடியாது. அக்காவிடம் தங்க இடம் கேட்டேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்கிறாள். உன் பின்னறையில் ஜன்னல் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டால் ஈரம் கடைசியாகத்தான் வரும். ஆறு வருஷம் அங்கே படுத்தவள் சொல்கிறேன்.

பார், மறுபடியும் சுற்றி வளைக்கிறேன். நேராகவே கேட்கிறேன். என்னை உன் வீட்டில் சேர்த்துக்கொள்வாயா?

வாயாடி

ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

மகள் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையலறையில் படுக்கை போட்டிருக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பின்னறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டு, செங்கல்லை இரண்டிரண்டாக அடுக்கியிருக்கிறேன். கோர்ட்டிலிருந்து நேரே வந்துவிடு. இங்கே தண்ணிக்குக் குறையே இல்லை.

உன்
ஒட்டடைக்குச்சி