மண் மட்டும் என் பெயரில்

செங்கம் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனவள், மரம் அறுக்கும் மில்லைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். ஈரமான மரத்தூளின் வாசனை. பையைக் கை மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதினால் படிக்கவா போகிறீர்கள்? உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினீர்கள்.

படவேட்டுப் பக்கம் கரும்பு விளைந்த நிலத்தை விற்றுவிட்டு, மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு துண்டுக் காட்டை வாங்கப் போவதாக நீங்கள் சொன்ன அன்று, உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. என் அண்ணன் வந்து கத்திவிட்டுச் சாப்பிடாமலே போனான். நீங்கள் அசையவில்லை. "வெல்லம் காய்ச்சறன்னு இத்தினி வருசமா எவ்ளோ மரத்த அடுப்புல தள்ளியிருப்பேன்? போதும். கொஞ்சம் மரமாச்சும் நம்ம கண்ணு முன்னால நிக்கட்டுமே" என்றீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

முதல் தடவை மேலே ஏறி வந்து பார்த்தபோது அழுகையே வந்தது. காடா அது? விற்றவன் குடகுக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அடியில் தீப்பட்ட கறுப்போடு வேங்கைகளும், இலுப்பையும் நாவலும் கடுக்காயும், மேலெல்லாம் கொடி சுற்றி மூச்சுவிட முடியாமல் நின்றன. "இதுக்கா கரும்புக் கொல்லையக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "நாளைக்கிப் பாரு" என்றீர்கள். எல்லாவற்றுக்கும் உங்களுக்கு நாளைக்குத்தான்.

ஆனால் அந்த நாளை வந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். கோடைதோறும் குடிசை போட்டுத் தங்கி இருவரும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினோம். கையெல்லாம் முள் கீறல். டிரான்சிஸ்டரைக் கிளையில் மாட்டிவிட்டு வேலை செய்வீர்கள். அது பாடியதைவிடக் கொரகொரத்ததுதான் அதிகம். ஒரு வருஷம் மழை முடிந்து வந்தபோது, வெறும் தரையில் நாவல் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. நீங்கள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து அந்தக் காட்டை நானும் என்னுடையது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

நமக்குள் சண்டை வந்ததெல்லாம் ஒரே ஒருவரால்தான். காட்டை விற்றவனின் அண்ணன். வருஷா வருஷம் கூடையோடு வந்து நம் மரங்களில் கடுக்காய் உலுக்கிக்கொண்டு போவார். நீங்கள் அவருக்குப் பீடி கொடுத்து உட்காரவைத்துப் பேசுவீர்கள். "யாரு வூட்டு மரத்த யாரு உலுக்கறது? கேக்க மாட்டீங்களா?" என்று நான் குதிப்பேன். "வுடு, மரத்துக்கே வலிக்கல, உனக்கு இன்னா?" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

மாசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். கருமாதி முடிந்து, பட்டா என் பெயருக்கு மாறி, காட்டுக்குச் சொந்தக்காரியாக முதல் தடவை தனியாக மலை ஏறினேன். அன்று மாலையே அந்த அண்ணன் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அவுரு இருக்கற வரிக்கும் கோடாலி வெக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். வெக்கல. இப்போ பையனுக்குப் பொண்ணு அமைஞ்சிக்கீது. பரியப் பணம் குடுத்தாத்தான் பொண்ண அனுப்புவாங்க. சாமையும் கைவுட்டுட்ச்சி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க மரத்துக்கு நீங்க இன்னாத்துக்குங்க கோடாலி வெக்கணும்?"

"மண்ணு தம்பிக்கு, மரம் எனக்கு. எங்கப்பன் பாகம் பிரிச்சதே அப்டித்தான். இங்க பாதிப் பேருக்கு அப்டித்தான் கீது. தம்பி அவனுத வித்தான். நான் என்னுத விக்கலியே."

கீழே நம் ஊரில் நிலம் விற்றால் அதில் நிற்கும் மரமும் சேர்ந்துதான் போகும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்குத் தோன்றும்? உங்களுக்கும் தோன்றவில்லை. வாங்கிய முதல் வருஷமே அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

"சொன்னதும் மரத்தப் புடிச்சிகினு அழுதாரு, தங்கச்சி. அதப் பாத்துட்டுத்தான் வாக்குக் குடுத்தேன்."

இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள். எனக்கு வந்த கோபத்தைக் காட்ட நீங்கள் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கடுக்காய்க்காக உங்களோடு போட்ட சண்டையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் தன் மரத்தைத்தான் உலுக்கியிருக்கிறார்.

மலையில் பஞ்சாயத்துப் பேசும் ஊர்க்கவுண்டரிடம் போனேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாரே தவிர, விற்றவனின் அண்ணன் பேரில் தப்பு என்று சொல்லவில்லை. எனக்குந்தான் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பையன் அங்கேயே நின்றிருந்தான். கேட்கவில்லை. வெட்டுவதற்குப் பட்டாக்காரியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். போட்டேன்.

வேங்கையை அறுத்தபோது சிவப்பாகப் பால் வடிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடிமரங்கள் செங்கத்துக்குப் போயின. கிளைகள் விறகாகி நம் ஊர் வெல்ல அடுப்புக்கே வந்து சேர்ந்தன. பக்கத்துக் கொல்லையில் பாகு காய்ச்சிய அந்த நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். லாரி ஏறி இறங்கியதில் உங்கள் நாவல் கன்றுகளும் போயின. மிச்சத்தை ஆடு மேய்ந்தது.

இப்போது அது வெட்டவெளி. விற்றுவிடு என்கிறான் என் அண்ணன். சாமை போடு என்கிறார்கள் மலையில். இரண்டையும் செய்யவில்லை. எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மாதம் ஒருமுறை ஏறிப் போகிறேன், வெயிலில் நிற்கிறேன், திரும்பி வருகிறேன். நம்பிக்கை என்று எதுவும் இல்லை.

மரங்களை விற்றுப் பரியம் கொடுத்து அந்த மலை அண்ணன் கொண்டுவந்த மருமகள் நல்ல பெண். நான் போனால் தண்ணீர் மொண்டு வந்து எதிரே நிற்பாள். போன தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டாள்.

"இன்னா அத்தே, எதிர்ல ஒண்ணுமே இல்ல, நேரா வர வேண்டியதுதானே? எதுக்கு இப்டி வளைஞ்சி வளைஞ்சி வர்றீங்க?"

அவள் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை. வேங்கைக்கும் இலுப்பைக்கும் நான் இன்னும் ஒதுங்கித்தான் நடக்கிறேன் என்பது, அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.