திவசச் சமையலும் கருட சேவையும்

ஸ்ரீ:

திருவள்ளூர்

சௌபாக்யவதி ஜானவிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் க்ஷேமம். வழக்கமாக எழுதுகிற வார்த்தைதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அதை நிஜமாகவே சொல்கிறேன். நம் குடும்பத்தில் யாரும் பரமபதிக்கவில்லை. வேப்பம்பட்டு அருணா சித்தி கைகூப்பிய பொம்மைகளோடு அனுப்பிய அனுதாபச் செய்தியைப் பார்த்து நீ ஆபீஸிலிருந்து அழுதுகொண்டே போன் பண்ணினாய். உன் அப்பா ஒன்றுமில்லை, அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டார். முழுக் கதையையும் போனில் சொல்ல எனக்கு வழியில்லை, அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வார். அதனால் நாரத்தங்காய் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். டப்ளினில் குளிர் விட்டதா, மாப்பிள்ளை லக்ஷ்மணுக்கு இருமல் நின்றதா, உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

இவ்வளவுக்கும் காரணம் நீதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன சித்திரை கருட சேவையில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா எப்போதும்போல ஸ்ரீபாதம் தாங்கப் போனார். பரம்பரையாகப் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிற குடும்பம், உன் தாத்தா தோளில் இருந்த காய்ப்பை நானே பார்த்திருக்கிறேன். இவரோ கும்மிடிப்பூண்டி கம்பெனி ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் ஏ.சி.யில் நாற்காலியே கதி என்று உட்கார்ந்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்து, கேன்டீன் போண்டாவால் ஒரு வயிற்றை வளர்த்து வைத்திருந்தார். வடக்கு வீதி மூலை திரும்பும்போது மூச்சு முட்டிவிட்டது. தோளில் இருந்த வாகனத் தண்டு சாய்ந்தது. கூட வந்த வரதன் பாய்ந்து தோள் கொடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சர்க்கரை, பிரஷர், எடை மூன்றையும் சொல்லித் திட்டி, தூக்குவதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் பெருமாள் என்னை இறக்கிவிட்டார் என்று மட்டும் சொன்னார். ஸ்ரீபாதம் குழுவுக்குப் பெரியவர் ஆதிகேசவன் மாமா அதற்குப் பிறகு எந்த உற்சவத்துக்கும் இவரைக் கூப்பிடவில்லை. எதிரில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு அது பொறுக்கவில்லை ஜானு, சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான், தீபாவளி கழிந்து, நீ அந்த வீடியோவை அனுப்பினாய். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சட்டையில்லாமல் மரம் ஏறுகிறார், வெறுங்காலில் ஓடுகிறார், முன்னோர்களைப் போல வாழுங்கள், முன்னோர்கள் சாப்பிட்டதைச் சாப்பிடுங்கள், எந்த வியாதியும் கிட்டே வராது என்கிறார். உன் அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அவருடைய முன்னோர் மான் சாப்பிட்டிருக்கலாம், நம் முன்னோர் விரும்பிச் சாப்பிடுவது எது என்று ஊருக்கே தெரியுமே என்றார். எனக்குப் புரியவில்லை. திவசச் சமையலைச் சொல்கிறார். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைகோஸ், பச்சை மிளகாய் எதுவும் கிடையாது. மிளகும் சீரகமும்தான். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல். ஒரு வேளை சாதம், ராத்திரி பலகாரம். வருஷத்துக்கு ஒரு நாள் சமைக்கவே எனக்கு முதுகு ஒடியும், தினமும் திவசமா, மங்களகரமாக இருக்குமா என்று சண்டை போட்டேன். மூன்றாம் நாள் நானே பிரண்டை வாங்கி வந்தேன் என்பது வேறு கதை. அதோடு விட்டாரா. கட்டில் வேண்டாம், தரையில் பாய். பிளேடு முன்னோரிடம் இல்லை, ஆகவே தாடி. விடியும் முன்னால் என்னையும் எழுப்பிக்கொண்டு செருப்பில்லாமல் குளக்கரைக்கு நடை. கம்பெனியில் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பில் பார்த்திருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவர் தரையில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம், தர்ணா என்று நினைத்து மேனேஜர் ஓடி வந்து என்ன கோரிக்கை என்று கேட்டாராம். கடைசியில் முன்னோர் மாத்திரையா சாப்பிட்டார்கள் என்று ஆரம்பித்தார். அங்கேதான் நான் நின்றுகொண்டேன். உங்கள் அப்பா மாத்திரை சாப்பிடவில்லை, அதனால்தான் ஐம்பத்தாறைத் தாண்டவில்லை, நீங்கள் தாண்டியாயிற்று, பேசாமல் விழுங்குங்கள் என்றேன். பேசாமல் விழுங்கினார்.

தோளுக்குப் பழக்கம் வேண்டுமே என்று மொட்டை மாடியில் ஒரு ஏற்பாடு. துணி உலர்த்தும் மூங்கிலின் நடுவில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில், நடுவில் மடித்த துண்டு. அவர் உயரம், நான் குட்டை, குடம் சறுக்கிக்கொண்டு என் பக்கமே வரும். பாரமெல்லாம் எனக்கு, பெருமையெல்லாம் அவருக்கு என்று சொல்லிக்கொண்டே சுற்றுவேன். முதலில் கால் குடம், பங்குனி வருவதற்குள் முழுக் குடம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒரு மணி நேரம் ஒரே திசையில் நடந்தது இப்போதுதான்.

இனிமேல்தான் அசட்டுத்தனம். நீ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார். காலையில் நடக்கப் போவதால் வாசலில் கோலம் இல்லை. வீட்டு ஆண்பிள்ளை தாடியோடு, செருப்பில்லாமல். தரையில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. அடுக்களையிலிருந்து தினமும் மிளகு வாசனை. சாவுத் தீட்டுக்காரர்கள் வீடு வேறெப்படி இருக்கும்? எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லையடி. எதிர்வீட்டு மணியம்மாளுக்குத் தோன்றிவிட்டது. அருணா சித்தி வருஷா வருஷம் அரிசி வாங்குவது அவளிடம்தான், மூட்டைக்காகப் போன் பண்ணியபோது மணியம்மாள், நம் வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறாள். பிற்பாடு நான் அவளைப் பிடித்துக்கொண்டதற்கு, "இன்னா மாமி பண்றது, சாமி தாடி வச்சிக்கினு சுத்துது, வாசல்ல கோலத்தக் காணோம், ஊட்டுக்குள்ள வந்து யாரு போய்ட்டாங்கன்னு கேக்கவே பேஜாரா இருந்திச்சி" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அருணா போய்ச் சொன்னதும் உன் பாஷ்யம் சித்தப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பங்காளி வீட்டுச் சாவு என்றால் அவருக்கும் தீட்டு, நாம் சொல்லாமல் மறைத்துவிட்டோம் என்று முதல் ரயிலைப் பிடித்து வந்து, கதவு திறந்திருந்ததால் நேரே மாடிக்கு ஏறிவிட்டார். அங்கே என்ன பார்த்தார் தெரியுமா, அண்ணா தாடியோடு முன்னால், மன்னி பின்னால், தோளில் மூங்கில், நடுவில் குடம். மனுஷர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாருன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா அண்ணா, நான் நேத்திக்குக் கோவிலுக்கு வேற போயிட்டு வந்துட்டேனே" என்று கண்ணில் தண்ணீர் விடுகிறார். உன் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, யார் போனது என்று அவரையே திருப்பிக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பில் குடம் நழுவித் தண்ணீரெல்லாம் சித்தப்பா தலையில் கொட்டிவிட்டது. தீட்டு இருந்திருந்தாலும் அதோடு போயிருக்கும்.

அன்றைக்குச் சிரித்தோம், மறுநாள் சிரிக்க முடியவில்லை. சித்தப்பா வழியாகப் பேச்சு ஏற்கெனவே ஸ்ரீபாதம் குழுவுக்குப் போயிருந்தது. தீட்டுக்காரர் பெருமாளைத் தொட முடியாதே. இந்த வருஷக் கருட சேவைக்கு இவரைச் சேர்க்கலாமா என்று ஆதிகேசவன் மாமா முதல் தடவையாக யோசித்துக்கொண்டிருந்தாராம், குளக்கரையில் தினமும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. இதைக் கேட்டதும் அந்த இடத்துக்கு வரதனைச் சொல்லிவிட்டார். உன் அப்பா அன்றைக்கே தாடியை எடுத்துவிட்டு நெற்றி நிறையத் திருமண்ணோடு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தீட்டு இல்லை என்றதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் வரதனுக்குச் சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது என்று இழுத்தார். உண்மைக் காரணம் அது இல்லை, போன வருஷ மூலை அவர் கண்ணிலேயே இருக்கிறது. உன் அப்பா டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு திரும்ப மாமாவிடமே போனார். பிரஷர் சரி, சர்க்கரை இறங்கிவிட்டது, மாத்திரையைப் பாதியாக்குகிறேன், நிறுத்தக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே விட்டுவிட வேண்டும், மற்றபடி தூக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதே நாளில் எனக்கும் பார்த்தார்கள், அவரைவிட எனக்குத்தான் எடை அதிகம் இறங்கியிருந்தது. மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. உன் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆதிகேசவன் மாமா, "வடக்கு வீதி மூலை வரைக்கும் நீ, அங்கே வரதன் வாங்கிப்பான்" என்று முடித்துவிட்டார். மூலை வரைக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கருட சேவை அன்று கோபுர வாசலில் நல்ல கூட்டம், பெரியபாளையம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அங்கே நிற்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வடக்கு வீதி மூலையில் போய் ஓரமாக நின்றுகொண்டேன். மேளம் கிட்டே வந்தது. குடைகள் திரும்பின, அதன் பின்னால் தண்டு, அதன் கீழே உன் அப்பா. வியர்வை வழிந்து திருமண் கலைந்திருக்கிறது, ஆனால் நடை தடுமாறவில்லை. வரதன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தான், நல்ல பிள்ளை, இரண்டு கைகளையும் தயாராக வைத்திருந்தான். உன் அப்பா அவன் பக்கம் திரும்பாமலே "இருக்கட்டும்பா" என்றார். அவன் ஆதிகேசவன் மாமாவைப் பார்த்தான். மாமா கொஞ்ச நேரம் உன் அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துவிட்டு, போகட்டும் என்று கையைக் காட்டினார். அப்படியே மூலை திரும்பி நிலைக்கு வந்து சேரும்வரை தாங்கினார். வாகனம் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் நான் பெருமாளைச் சேவிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கருடன் மேல் இருந்தவரை விட்டுவிட்டு, தண்டுக்குக் கீழே இருந்தவரின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெருமாள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு மட்டும் உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணேன் என்றார். பண்ணினேன். தோள் வலிக்கிறதா என்று கேட்டால் துளிக்கூட இல்லை என்கிறார். எனக்குத்தான் இரண்டு நாளாக வலது தோள் தூக்க முடியவில்லை. மூலையில் நின்றபோது நானும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

பார்சலில் நாரத்தங்காயும், மிளகுப் பொடியும், பிரண்டைத் தொக்கும் இருக்கின்றன. நாக்கு அரித்தால் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக்கொள். தினமும் திவசச் சமையல் பண்ணு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதே, தரையில் உட்கார்ந்து எழுந்திரு, இரண்டு பேரும் சேர்ந்து நடங்கள். வாசலில் காலையிலேயே சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு நட, எங்கள் பாடு உனக்கு வேண்டாம். அருணா சித்திக்கு நீயே போன் பண்ணிப் பேசிவிடு, பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நம் வீரராகவப் பெருமாள் தீர்க்காயுசும் ஆரோக்கியமும் கொடுக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். தை மாதம் டிக்கெட் போட மறக்காதே. மூங்கிலை நான் இன்னும் துணிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, நாளைக் காலையிலும் குடம் கட்டியாக வேண்டும். நீ வரும்போது என் பின்முனையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் தோளுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பங்கஜவல்லி ஸ்ரீராமன்