மூன்றாவது வளைவில் இரண்டு கற்கள்

வடுகபட்டி
22.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உமா எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள் நலமாக இருந்தால்தான் இங்கே நாங்கள் பாதி நலமாவது இருப்போம்.

ஒன்பது வருடம் குடித்தனம் நடத்திய பிறகு இதென்ன புதிதாகக் கடிதம் என்று சிரிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை நான் அழுதுகொண்டே போன் செய்தேனே, பாதிப் பேச்சில் ஆரன் சத்தமும் பிரேக் அலறலும் கேட்டது. அப்புறம் உங்கள் குரலே இல்லை. "ஒண்ணுமில்லடி, ஒரு ஆட்டோ குறுக்க வந்திருச்சு" என்று நீங்கள் திரும்பக் கூப்பிடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓட்டும்போது எடுக்காதீர்கள் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்? அதனால் நீங்கள் லோடில் இருக்கும்வரை போன் கிடையாது. நீங்கள் செய்தாலும் எடுக்கமாட்டேன். அல்லிநகரம் லாரி ஆபீஸ் அழகர் அண்ணன், நாசிக் போகிற வண்டியில் கடிதத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடிதம் படிக்க முடியாது பாருங்கள்.

தம்பி விஷயத்தை அன்று சரியாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் திலீபன் லீவு முடிந்து குமுளி ஏலக்காய்க் கடைக்கு பைக்கில் திரும்பிப் போயிருக்கிறான். மலை ஏறும்போது பொழுது மசங்கிவிட்டது. எதிரே வந்த பஸ் வெளிச்சத்தில் கண் கூசி, ரோட்டில் கிடந்த கல்லில் ஏற்றிவிட்டான். எவனோ ஒரு லாரிக்காரன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன கல். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நான் அம்மாவுக்குத் துணையாக வடுகபட்டியில்தான் இருக்கிறேன்.

அம்மா பூண்டுக் கடை வேலைக்கும் போகவில்லை. ஒரே பிடிவாதமாக நிற்கிறாள். "எம் பிள்ளை கால ஒடிச்சவன் வெளங்கக் கூடாது. கருப்பசாமி கோயில்ல காசு வெட்டிப் போடுவேன்" என்கிறாள். ஆடி முதல் வெள்ளி என்று நாளும் குறித்துவிட்டாள். வெட்டட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

பெல்ட் போட்டு ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தினால் அந்தச் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் வையுங்கள். அதில் நீங்கள் துண்டு காயப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அன்பு,
உமா


நாசிக்
28.6.2024

அன்புள்ள உமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லாரி ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார்கள். "பாண்டீஸ்வரனுக்கு லவ் லெட்டரு" என்று ஒரே கூத்து.

பெல்ட் போடுகிறேன். வெள்ளைச் சட்டையில் குறுக்கே அழுக்குக் கோடு விழுந்திருக்கிறது, துவைக்கும்போது தெரியும். இங்கே மழை. வெங்காய மார்க்கெட்டில் லோடு ஏறவில்லை, வரிசையில் கிடக்கிறோம்.

திலீபனுக்கு வலி எப்படி இருக்கிறது? எந்த வளைவில் விழுந்தான்? என்ன மாதிரிக் கல் அது? மணி என்ன இருக்கும்? அவனிடம் கேட்டு எழுது.

அத்தையிடம் காசு வெட்ட வேண்டாம் என்று சொல். யார், எவர் என்று தெரியாமல் சாபம் விடுவது நல்லதில்லை. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

இப்படிக்கு,
பாண்டி


வடுகபட்டி
3.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

திலீபனுக்கு ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். "டாக்டரு நல்லா இருக்குன்னு சொன்னாக, ஆனா நடக்க ரெண்டு மாசம் ஆகுமாம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

போலீஸ்காரர்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். லோயர் கேம்ப்பிலிருந்து ஏறினால் மூன்றாவது வளைவு. ஏழு மணி. கல் ஒன்றல்ல, இரண்டு. ஒரு பக்கம் வெள்ளை அடித்திருந்ததாம், ஓரத்துச் சுவரிலிருந்து பெயர்ந்த கல்லாக இருக்கும்.

நீங்கள் எதற்கு அந்தப் பாவிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்? லாரிக்காரனை லாரிக்காரன் விட்டுக்கொடுக்கமாட்டீர்களாக்கும். அம்மாவிடம் சொன்னேன். "உம் புருசனுக்கு எளகுன மனசு, அவர் அப்படித்தான் சொல்வாக. நான் வெட்டத்தான் போறேன்" என்றாள்.

கடிதம் ஏன் இவ்வளவு சின்னது? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உமா


நாசிக்
9.7.2024

உமா,

அத்தை பக்கத்தில் இல்லாதபோது இதைப் படி.

அந்தக் கல்லை வைத்தவன் நான்தான்.

அன்றைக்கு ஆறு மணி இருக்கும். கோட்டயத்துக்கு வெங்காய லோடு. மூன்றாவது வளைவில் ஏறும்போது பிரேக்குக்குக் காற்றுப் போகிற குழாய் விட்டுவிட்டது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்க முடியாது. முதலாளி கொடுத்த முட்டுக்கட்டை இரண்டும் என்னிடம் இல்லை. அவற்றை நான் எரித்துவிட்டேன். போன மாதம் சோலாப்பூருக்குப் பக்கத்தில் மழையில் மாட்டிக்கொண்டேன். கேஸ் தீர்ந்துபோயிற்று, பசி வேறு. இரண்டையும் பிளந்து அடுப்பில் வைத்துச் சோறாக்கினேன். அதற்கப்புறம் எங்கே நின்றாலும் கல்தான். அன்றைக்கும் சுவரோரம் கிடந்த இரண்டு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு வைத்தேன்.

குழாயைச் சரிசெய்து கிளப்பும்போது பின்னால் ஒரு பஸ், நாலைந்து ஜீப், ஒரே ஆரன். ஏற்றத்தில் வண்டி முன்னே நகர்ந்தால்தான் கல் விடும். அப்புறம் மறுபடி நிறுத்தி, இறங்கி வந்து எடுக்க வேண்டும். நான் தனி ஆள். கண்ணாடியில் பார்த்தேன் உமா. இரண்டு கல்லும் ரோட்டில் கிடந்தன. யாராவது எடுத்துப் போடுவார்கள் என்று கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டேன். மறந்துபோய்விட்டேன் என்று எழுதலாம்தான். மறக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் போனேன்.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வேறு வளைவாக இருக்காதா, வேறு கல்லாக இருக்காதா என்றுதான் அத்தனை கேள்வி கேட்டேன். எளகுன மனசு என்று அத்தை சொன்னதைப் படித்த பிறகு மறைக்க முடியவில்லை.

அத்தையிடம் நீயே சொல்லிவிடு. காசு வெட்டுவதாக இருந்தால் என் பெயரைச் சொல்லி வெட்டட்டும்.

பாண்டி


வடுகபட்டி
14.7.2024

கடிதம் கிடைத்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. அவனைத் தோளில் தாங்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் செய்ததற்கு நான் தூது போகமாட்டேன். கோட்டயம் லோடோடு இந்தப் பக்கம்தானே வருவீர்கள்? இதை அழகர் அண்ணனிடம் கொடுத்து வைக்கிறேன். வந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வாருங்கள். வராவிட்டால் அந்தக் காசு வெட்டுப்படும். அதற்கப்புறம் நாம் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உமாதேவி


கோட்டயம்
17.7.2024

அன்புள்ள உமாவுக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

நேற்று வடுகபட்டி வாசலில் நின்று நான் சொல்லி முடித்ததும் அத்தை ஒரு வார்த்தை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். திலீபன்தான் பேசினான். "கல்ல வச்சது கூடப் பரவால்ல மச்சான். கண்ணாடில பாத்துட்டுப் போனீக பாருங்க, அதான் தாங்கல" என்றான். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், கேட்காததும் நல்லதுதான்.

தேனியில் புதிதாக முட்டுக்கட்டை இரண்டு வாங்கினேன். கயிறு போட்டு வண்டியின் பின்சட்டத்தில் கட்டிவிட்டேன். வண்டி நகர்ந்தால் கட்டையும் கூடவே இழுபட்டு வரும், ரோட்டில் தங்காது. பதினாறு வருடம் லாரி ஓட்டியும் இந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று கேட்காதே.

மலை ஏறும் முன் லோயர் கேம்ப்பில் வண்டியை ஓரங்கட்டி, முக்கோணத்தைப் பின்னால் வைத்துவிட்டு நடந்தே மேலே போனேன். மூன்று வளைவுக்குள் ஒன்பது கல். எல்லாம் என்னைப் போன்ற ஆட்கள் விட்டுப் போனவை. பொறுக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். கிங்ஸ்லி என்று ஒரு குமுளி ஜீப்காரர் நிறுத்தி, "எந்தா சேட்டா, வீடு கெட்டானோ?" என்று கேட்டார். வீடு கட்டவா கல் பொறுக்குகிறாய் என்று கேலி. எனக்கு வீடு இருக்கிறதா இல்லையா என்றே வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? விஷயத்தை மட்டும் சொன்னேன். இறங்கி வந்து கடைசி இரண்டு கல்லை அவரும் தூக்கினார்.

அத்தை என்ன செய்தாலும் சரி. என்ன நடந்தது என்று மட்டும் எழுது. அழகர் அண்ணனிடம் கொடுத்து வை. சனிக்கிழமை காலி வண்டியோடு அங்கே வருவேன்.

பாண்டி


வடுகபட்டி
20.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று விடிந்ததும் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு கிளம்பினாள். முந்தியில் காசு, கையில் உளி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் காலைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன்? பின்னாலேயே போனேன். போகிற வழியெல்லாம் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன், உங்களிடம் சொல்வதற்கு என்ன.

கருப்பசாமி முன்னால் கல்லில் காசை வைத்தாள். பூசாரி, "யார நெனைச்சு ஆத்தா வெட்டுற?" என்று கேட்டார். அம்மா உளியைக் காசில் ஊன்றியபடி நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் அம்மா குரல்தான் கேட்டது.

"ஆளு யாருன்னு தெரியாதவனுக்குத்தான சாமி காசு வெட்டணும்? இவன் பேரு தெரியும், ஊரு தெரியும், எம்புட்டுச் சோறு திம்பான்னும் தெரியும். ஓடி ஒளியாம வாசல்ல வந்து நின்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இவன நான் வீட்டுல வச்சே வஞ்சுக்கிறேன்."

காசை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பூசாரி பயந்து திருநீறு பூசிவிட்டார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தம்பி வலியில் முனகும்போதெல்லாம் உங்கள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. அது போக நாளாகும். ஆனால் நீங்கள் வாசலில் நின்று சொன்னபோது எதையும் மறைக்கவில்லை. இந்த மனுசனோடு இன்னும் இருந்துவிடலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அம்மா கறி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். "வந்ததும் மொதல்ல சோத்தப் போட்டுரு. வெறும் வயித்துல இருக்கவன வஞ்சா நமக்குத்தான் பாவம்" என்கிறாள். நிறைய வைவாள் போலிருக்கிறது, இரண்டு கிலோ சொல்லியிருக்கிறாள்.

வந்து சேருங்கள்.

உங்கள்,
உமா