காரோடு திருப்பி அனுப்பப்பட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை திருச்சுழி சாலையில் எனக்கு முன்னால் ஒரு வேன் நீலப் புகை கக்கிக்கொண்டு போனது. ஆயில் எரியும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் பல்லைக் கடித்தேன். உன்னைத் திருப்பி அனுப்பிய நாற்றம் அது.

அப்பா தன் பழைய காரைத்தான் உனக்குச் சீதனமாகக் கொடுத்தார். அதன் ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்த்து அவருக்குச் சொல்லி வந்தவளே நீதான். நரிக்குடியில் உன் வீட்டுக்காரர் எங்கே கிளம்பினாலும் அளவு பார்க்காமல் எஞ்சினில் ஆயிலை ஊற்றுவார். கூட இருந்தால் நல்லது என்று நினைப்பு.

“கம்பியப் பாத்துட்டு ஊத்துங்க. மேல்கோட்டத் தாண்டுனா புகையாத்தான் போகும்” என்றாய்.

“நீ அரிசியில கல்லு பாத்தாப் போதும்” என்றார்.

ஒருநாள் காரையும் உன்னையும் மல்லாங்கிணற்றில் நம் வாசலில் விட்டார். “மாமா, உங்க வண்டி ஆயிலாக் குடிக்குது. சரிபண்ணி, வண்டியோட இவளையும் அனுப்பிவிடுங்க.” சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். தெருவே காரை விசாரித்தது. உன்னை ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

அருப்புக்கோட்டைப் பட்டறையில் மிகுந்த ஆயிலை வடித்து, காய்ந்துபோன வால்வு ரப்பரை மாற்றினார்கள். புகை நின்றது. அப்பா, “கிளம்பு தாயி” என்றார்.

“வண்டியத்தான குறை சொன்னாக? சரியாயிருச்சு, அனுப்பிருங்க. நான் எதுக்குப் போகணும்?”

“ஊரு என்ன பேசும்?”

“ஊரு காரத்தான கேட்டுச்சு. கார் நல்லாருக்குன்னு சொல்லுங்க.”

கார் மட்டும் போனது. உனக்கு வாழாவெட்டி என்று பெயர் வைத்தார்கள். காரைப் பாழாக்கியவருக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

போன வருஷம் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று அவர் அதே காரில் வந்தார், அதே நீலப் புகையோடு. மாலையைப் போட்டுவிட்டு என்னிடம், “மச்சான், உங்க வண்டி இன்னமும் குடிக்குதுய்யா” என்றார். பந்தலிலிருந்து இறங்கிப்போய் பானட்டைத் திறந்தேன். கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டெடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

போன வாரம் நம் தங்கச்சி சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் வண்டி கேட்டார்கள். அப்பா தலையாட்டப் போனார்.

“வண்டி வேணும்னா வண்டியவே கட்டிக்கிருங்க” என்றேன்.

எழுந்து போய்விட்டார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை. சின்னவள் பேசுகிறாள்.